மனிதரை விண்வெளிக்கு அனுப்பத்தான் வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துப் பள்ளிகளிலும் தொலைநோக்கி வைத்து வானம் காட்டும் மாலைகளில், வியாழனின் நிலவுகளைப் பார்த்துவிட்டு வரிசையிலிருந்து விலகியவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். 2025 ஜூன் மாதம் இந்திய விமானப்படை விமானி சுபான்ஷு சுக்லா பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சென்றதிலிருந்து அவை இன்னும் கூடிவிட்டன. மாணவர்களும் ஆசிரியர்களும், பிள்ளைகளை அழைத்துவந்த பெற்றோரும் கேட்டவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

மனிதரை விண்வெளிக்கு அனுப்புவதை நான் ஆதரிக்கிறேன். அதற்காக மேடைகளில் சொல்லப்படும் காரணங்களில் பல நிற்காதவை என்றும் கருதுகிறேன். இவ்விரண்டையும் மனத்தில் வைத்துப் படிக்குமாறு வேண்டுகிறேன்.

1. "சாட்டிலைட் விடுறதும் மனுசனை அனுப்புறதும் ஒண்ணுதானே சார்?"

ஒன்றில்லை. இந்த விவாதத்தில் எழும் குழப்பத்தில் பாதி, இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைப்பதால் வருவது. ராமேசுவரம், தொண்டிக் கடற்கரை மீனவர்களுக்கு வரும் புயல் எச்சரிக்கையும், மீன் மிகுதியாகக் கிடைக்கக்கூடிய கடற்பகுதி பற்றிய அறிவிப்பும், வீட்டுத் தொலைக்காட்சிக்கு வரும் அலைவரிசைகளும் ஆளில்லாத செயற்கைக்கோள்கள் தரும் பயன்கள். ரூ.450 கோடிச் செலவில் 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்த மங்கள்யானிலும், சுமார் ரூ.615 கோடிச் செலவில் 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென்துருவப் பகுதிக்கு அருகே இறங்கிய சந்திரயான்-3இலும் எவரும் பயணம் செய்யவில்லை.

மனிதர் ஏறிவிட்டால் கணக்கே மாறிவிடுகிறது. மூச்சுக்காற்றும் குடிநீரும் வேண்டும். உடம்பு தாங்கும் வெப்பநிலை வேண்டும். ராக்கெட் பழுதானால் அவரைக் கண நேரத்தில் பிரித்தெடுத்துத் தூரத்தில் இறக்கும் தப்பிப்பு அமைப்பு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் உயிரோடு வீடு திரும்ப வேண்டும். 1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் 108 நிமிடங்களில் போய் வந்த நாள் முதல் இன்றுவரை அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் விண்வெளியைத் தொட்டிருக்கிறார்கள் என்றாலும், இந்தத் தேவைகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. விண்வெளித் திட்டம் நமக்குத் தேவையா என்று கேட்டால், ஐயமே இல்லாமல் தேவை என்பேன். அதில் மனிதர் போக வேண்டுமா என்பதுதான் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி.

2. "நிலாவுல மனுசன் இறங்குனது நெசந்தானா? ஸ்டுடியோவுல எடுத்ததுன்னு சொல்றாங்களே?"

உண்மைதான். 1969 ஜூலை முதல் 1972 டிசம்பர் வரை அமெரிக்காவின் ஆறு அப்பல்லோ பயணங்களில் 12 பேர் நிலவில் நடந்து, 382 கிலோ கல்லையும் மண்ணையும் கொண்டுவந்தார்கள். அமெரிக்கா காட்டும் படங்களை நம்ப மறுப்பவர்கள், நம்முடைய சந்திரயான்-2 சுற்றுக்கலத்தின் கேமரா 2021-இல் எடுத்த படத்தைப் பார்க்கலாம். அப்பல்லோ-11 விட்டுவந்த இறங்குகலத்தின் அடிப்பகுதி அதில் தெரிகிறது.

3. "ககன்யான்னா என்ன? மொத்தம் எவ்வளவு செலவு?"

இந்தியர்களை இந்திய ராக்கெட்டில் ஏற்றி, சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றவைத்து, கடலில் பத்திரமாக இறக்குவதே ககன்யான். மூன்று பேர் வரை மூன்று நாட்கள் இருக்கலாம் என்பது வடிவமைப்பு. 2018 ஆகஸ்ட் 15 அன்று திட்டம் அறிவிக்கப்பட்டபோது சுமார் ரூ.10,000 கோடி ஆகும் என்றார்கள். 2024 செப்டம்பரில் இந்திய விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியையும் சேர்த்து எட்டுப் பயணங்களாக விரிவாக்கியபோது தொகை ரூ.20,193 கோடியாக உயர்ந்தது. ஏவப்போகும் ராக்கெட்டின் இன்ஜின்கள் நம் பக்கத்திலேயே, கன்னியாகுமரி நெடுஞ்சாலையில் காவல்கிணறு தாண்டும்போது தெரியும் மகேந்திரகிரி மலையடிவாரத்தில் சோதிக்கப்படுகின்றன. மனிதர் ஏறுவது சிறீஹரிகோட்டாவில். குலசேகரன்பட்டினத்து ஏவுதளம் சிறிய செயற்கைக்கோள் ராக்கெட்டுகளுக்கானது. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

இருபதாயிரம் கோடி என்பது காதில் விழும்போதே மலைப்பாக இருக்கும். பத்தாண்டுச் செலவான அதை 140 கோடிப் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு மொத்தம் சுமார் 145 ரூபாய் வருகிறது. இன்னொரு விதமாகவும் பார்க்கலாம்: 2025-26 ஒன்றிய வரவுசெலவுத் திட்டத்தில் விண்வெளித் துறை முழுமைக்கும் ஒதுக்கப்பட்டது சுமார் ரூ.13,400 கோடி, மொத்தத் திட்டமோ ரூ.50 லட்சம் கோடிக்கும் மேல். நூறு ரூபாய்க்கு ஏறத்தாழ 26 காசு. ககன்யான் அந்த 26 காசுக்குள் ஒரு பகுதி.

4. "தோப்பூர்ல எய்ம்ஸ் எழும்ப இத்தனை வருசம் ஆகுது. அந்தப் பணத்தை முதல்ல இங்க போட்டிருக்கக் கூடாதா?"

தட்டிக்கழிக்கக் கூடாத கேள்வி இது. கேட்பவர்களில் பலர், வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போய் வெளியூர் மருத்துவமனைக்கு அலைந்தவர்கள். மதுரை எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரியில். முதலில் ரூ.1,264 கோடி என்று மதிப்பிட்டார்கள். பின்னர் அது ரூ.1,977 கோடியாயிற்று. பெரும்பகுதி ஜப்பானியக் கடன். அதற்கான ஒப்பந்தம் 2021 மார்ச்சில்தான் கையெழுத்தாகி, கட்டுமானம் 2024 மார்ச்சில்தான் தொடங்கியது. கடன், வடிவமைப்பு, ஒப்பந்தப்புள்ளி என்று படிப்படியாக ஆண்டுகள் போயிருக்கின்றனவே ஒழிய, அந்தப் பணத்தை எடுத்து யாரும் ராக்கெட்டில் ஏற்றிவிடவில்லை. விண்வெளித் திட்டத்தை நிறுத்தியிருந்தால் தோப்பூரில் வேலை முன்னதாகத் தொடங்கியிருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இந்தக் கேள்விக்கு வயது ஐம்பதுக்கு மேல். 1969 ஜூலையில் அப்பல்லோ-11 புறப்படுவதற்கு முந்தைய நாள், மார்ட்டின் லூதர் கிங்கின் தோழர் ரால்ஃப் அபர்னாதி ஏழைக் குடும்பங்களையும் கோவேறு கழுதை வண்டிகளையும் அழைத்துக்கொண்டு ஏவுதளத்துக்கே போனார். நாசாவின் தலைவர் தாமஸ் பெய்ன் வெளியே வந்து அவரைச் சந்தித்து, ராக்கெட்டை ஏவாமல் விட்டால் வறுமை தீரும் என்றால் அந்தப் பொத்தானை அழுத்தவே மாட்டோம் என்ற பொருளில் பதில் சொன்னார். நேர்மையான பதில்தான், முழுமையான பதில் என்று சொல்ல மாட்டேன். அப்பல்லோவின் உச்சத்தில் நாசாவுக்குப் போனது அமெரிக்க அரசுச் செலவில் நூற்றுக்கு நான்கு டாலருக்கும் மேல். அந்த அளவுக்குச் செலவிடும் நாட்டில் அபர்னாதியின் பக்கம் நியாயம் கனமாகவே இருந்தது. நம்முடைய 26 காசில் அதே கனம் இல்லை.

காலை உணவுத் திட்டத்தையும் சிலர் இதோடு சேர்த்துக் கேட்கிறார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி வைக்கப்பட்ட அந்தத் திட்டம் மாநில அரசுடையது. ராக்கெட் ஒன்றிய அரசுடையது. ஒரு பெட்டியிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடும் வேலை இங்கே நடக்கவில்லை. இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்று மிஞ்சுகிறது: தொகை சிறியது என்பதாலேயே செலவு நியாயமாகிவிடாது. அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று காட்ட வேண்டும்.

5. "மனுசனே போகணுமா? ரோபோவை அனுப்பினாப் போதாதா?"

இங்குதான் ஆதரவாளர்கள் அதிகமாகத் தடுமாறுகிறார்கள். செலவிடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் எவ்வளவு அறிவு கிடைக்கிறது என்று மட்டும் கணக்குப் பார்த்தால், பெரும்பாலான இடங்களில் இயந்திரமே வெல்கிறது. வெள்ளியின் கொதிக்கும் தரைக்கும் வியாழனின் கதிர்வீச்சு வளையத்துக்கும் மனிதர் போக முடியாது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும் நம் ஆதித்யா-எல்1க்கு உதவியாளர் எவரும் தேவைப்படவில்லை. 1958-இல் பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சு வளையங்களைக் கண்டறிந்த ஜேம்ஸ் வான் ஆலன், தம் வாழ்நாளின் கடைசிவரை மனிதப் பயணங்களை எதிர்த்தார். அவரைவிட விண்வெளியை நேசித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே இத்திட்டத்தை எதிர்ப்பவர்களை அறிவியலுக்கு எதிரானவர்கள் என்று சொல்வது தவறு.

மறுபக்கம் பாருங்கள். செவ்வாயில் ஆப்பர்ச்சுனிட்டி ரோவர் 42 கிலோமீட்டர் கடக்கப் பதினோரு ஆண்டுகள் ஆயின. 1972-இல் அப்பல்லோ-17இன் இருவர் மூன்றே நாட்களில் தங்கள் வண்டியில் சுமார் 35 கிலோமீட்டர் சுற்றி, 110 கிலோ கல்லும் மண்ணும் எடுத்துவந்தார்கள். அதே காலத்துச் சோவியத் ஆளில்லாக் கலங்கள் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்தது அரைக் கிலோவுக்கும் குறைவு. அந்த இருவரில் ஒருவரான ஹாரிசன் ஷ்மிட் நிலவியல் படித்தவர். சாம்பல் நிறத் தரையில் தம் காலணி கிளறிவிட்ட இடத்தில் ஆரஞ்சு நிறம் தெரிவதைக் கவனித்து, அங்கேயே நின்று, குழி வெட்டி அள்ளினார். அது 350 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய எரிமலை உமிழ்ந்த நுண்ணிய கண்ணாடி மணிகள் என்று பின்னர் தெரிந்தது. அத்தகைய மணிகளுக்குள் நீரின் தடயம் இருப்பதை 2008-இல் கண்டுபிடித்தபோது, நிலவு முற்றிலும் வறண்டது என்ற பழைய எண்ணமே ஆட்டம் கண்டது. கீழடியில் பூமிக்குள் இருப்பதைக் கருவி கொண்டு எவ்வளவு துல்லியமாக அளந்தாலும், குழிக்குள் மண்ணின் நிறம் மாறும் இடத்தில் கைக்கொத்தை நிறுத்துவது பழகிய கண்தான். ஷ்மிட் நிலவில் செய்தது அதே வேலை.

ஆனாலும் இந்த உதாரணத்தை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. 1972-இன் இயந்திரம் வேறு, இன்றைய இயந்திரம் வேறு. சீனாவின் சாங்கே-5, 2020-இல் ஆளில்லாமலே 1,731 கிராம் நிலவு மண்ணைக் கொண்டுவந்தது. சாங்கே-6, 2024-இல் நிலவின் மறுபக்கத்திலிருந்தே கொண்டுவந்தது. நிலவுக்குச் சைகை போய்ச்சேர ஏறத்தாழ ஒன்றேகால் நொடிதான் என்பதால், அங்குள்ள வண்டியைப் பூமியிலிருந்தே ஓரளவு ஓட்டிவிடலாம். செவ்வாய்க்கு ஒருவழிச் சைகைக்கே 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். இடத்திலேயே இருந்து முடிவெடுக்கும் மனிதரின் மதிப்பு தொலைவு கூடக் கூட ஏறுகிறது. ஆபத்தும் செலவும் அதோடு சேர்ந்தே ஏறுகின்றன. இந்த முரணை எவரும் இன்னும் தீர்க்கவில்லை. என் கருத்தில், அறிவியல் பலன் என்ற ஒரே காரணத்தை வைத்து மனிதப் பயணத்தை நியாயப்படுத்த முடியாது. அது துணைக் காரணம் மட்டுமே. முதன்மைக் காரணமாக நான் கருதுவதை 11ஆம் கேள்வியில் சொல்கிறேன்.

6. "வெந்தயம் முளைக்க வைக்கவா 550 கோடி?"

சுபான்ஷு சுக்லா 2025 ஜூன் 25 அன்று புறப்பட்டு ஜூலை 15 அன்று திரும்பினார். பயிற்சியும் பயணமும் சேர்த்துச் சுமார் ரூ.550 கோடி ஆனதாகச் சொல்லப்படுகிறது. நிலையத்தில் அவர் ஒரு சிறு கண்ணாடித் தட்டில் வெந்தயத்தையும் பாசிப்பயற்றையும் முளைக்கவைத்து, முளைத்தவற்றை உறைபெட்டியில் வைத்துப் பூமிக்குக் கொண்டுவந்தார். நம் வீட்டில் ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடும் பயறு எப்படித் திரும்பிக் கிடந்தாலும் வேர் கீழ்நோக்கியே வளைகிறது. வேர் நுனிச் செல்களுக்குள் இருக்கும் மாவுச்சத்து மணிகள் கீழே படிவதை வைத்துச் செடி திசையை அறிகிறது. எடையற்ற நிலையில் அந்த மணிகள் படிவதில்லை. அப்போது செடி என்ன செய்கிறது, அதன் சத்து மாறுகிறதா என்பவை நீண்ட பயணங்களில் உணவு விளைவிக்க நினைப்பவர்களுக்கு அவசியமான கேள்விகள்.

இதற்கு மனிதர் வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. 2024 டிசம்பர் 30 அன்று ஏவப்பட்ட பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் கடைசி அடுக்கில் இஸ்ரோ ஒரு சிறு பெட்டியை வைத்து எட்டுத் தட்டைப்பயறு விதைகளை அனுப்பியது. ஆளே இல்லாமல் அவை நான்கு நாட்களில் முளைத்து, பின்னர் இலையும் விட்டன. ஆகவே ரூ.550 கோடியை வெந்தயத்தின் கணக்கில் எழுதுவது தவறு. எழுதிவிட்டு அதை நியாயப்படுத்த முயல்வது அதைவிடத் தவறு. அந்தப் பணம் வாங்கியது அனுபவம். புறப்பாடு, இணைப்பு, நிலைய வாழ்க்கை, திரும்பிய பிறகு உடல் தேறும் விதம் ஆகியவற்றை நேரில் அறிந்த ஒருவர், இந்திய விண்கலத்தில் முதல் பயணம் நடப்பதற்கு முன்பே நம் பொறியாளர்களோடு உட்கார்ந்திருக்கிறார். 1984 ஏப்ரலில் சோவியத் கலத்தில் சென்ற ராகேஷ் சர்மாவுக்குப் பிறகு 41 ஆண்டுகள் அந்த அனுபவம் நம் நாட்டவர் வேறு எவருக்கும் கிடைக்கவில்லை.

7. "எம்.ஆர்.ஐ. ஸ்கேன், டெஃப்லான் எல்லாம் நாசா கண்டுபிடிச்சதுதானே? அதுக்காகவாவது போகணும்ல?"

ஒட்டாத சமையல் சட்டிகளில் பூசப்படும் டெஃப்லான் 1938-இல் அமெரிக்க வேதியியல் ஆய்வுக்கூடம் ஒன்றில் தற்செயலாகக் கிடைத்தது. அப்போது நாசாவே கிடையாது. எம்.ஆர்.ஐ. அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்தது. அதற்காக 2003-இல் நோபல் பரிசு பெற்ற லாட்டர்பரும் மேன்ஸ்ஃபீல்டும் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள். இன்றைய கைப்பேசிக் கேமராவின் உணரி நாசாவின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது உண்மை. ஆனால் ஆளில்லா விண்கலங்களின் கேமராவைச் சிறிதாக்கும் முயற்சியில் பிறந்தது.

மனிதர் தங்குவதாலேயே வளர்ந்த தொழில்நுட்பமும் உண்டு. மூச்சின் ஈரம், வியர்வை, சிறுநீர் அனைத்தையும் சுத்திகரித்து, நீரில் 98 விழுக்காட்டை மீட்டெடுக்கும் அளவை விண்வெளி நிலையம் 2023-இல் எட்டியது. வைகை வறண்டு கிடக்கும் மாதங்களில் வாழ்ந்த எவருக்கும் அதன் அருமை புரியும். எனினும் நீர்ச் சுத்திகரிப்புதான் நோக்கம் என்றால், அதற்கே நேரடியாகச் செலவிடுவது மலிவு. கூடுதலாகக் கிடைக்கும் பயனை வரவேற்கலாம். அதைக் காட்டித் திட்டத்தை விற்கக் கூடாது.

8. "மேல போனாக் கண்ணு கெட்டுப்போகுமாமே?"

ஓரளவு உண்மை. கண் மருத்துவத்துக்குப் பெயர்பெற்ற ஊரில் இந்தக் கேள்வி அடிக்கடி வருவதில் வியப்பில்லை. ஈர்ப்பின் இழுவை உணரப்படாதபோது உடலின் நீர்மங்கள் தலைப்பக்கம் ஏறுகின்றன. மாதக்கணக்கில் தங்கும் வீரர்கள் பலருக்குப் பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடம் வீங்குகிறது; விழியின் பின்புறம் சற்றுத் தட்டையாகி, அருகில் இருப்பது மங்கலாகத் தெரிகிறது. கண் மருத்துவமனையில் தாடையை ஊன்றிவைத்து, ஒளிப்புள்ளியைப் பார்க்கச் சொல்லி, விழித்திரையின் குறுக்குவெட்டைப் படமெடுப்பார்களே, அந்த ஓ.சி.டி. கருவி நிலையத்திலும் இருக்கிறது. வீரர்கள் ஒருவருக்கொருவர் எடுத்துக்கொள்கிறார்கள். பலருக்கு இறங்கிய பின் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. சிலருக்கு மாற்றம் நீடிக்கிறது.

உடற்பயிற்சி இல்லாவிட்டால் இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒரு விழுக்காட்டுக்கு மேல் அடர்த்தி இழக்கும் என்பதால், தினமும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் பயிற்சி செய்கிறார்கள். மூன்று நாள் ககன்யானுக்கு இவை பெரிய தடையாகா.

9. "ஏதாவது ஆகிப்போச்சுன்னா? கல்பனா சாவ்லாவை மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. அமெரிக்க விண்வெளி ஓடங்கள் 135 முறை பறந்து, இரண்டு முறை அழிந்தன. 14 பேர் இறந்தார்கள். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் வெடித்தது, முந்தைய இரவுக் குளிரில் ராக்கெட் இணைப்பின் ரப்பர் வளையம் இறுகிப்போனதால். குளிரில் ஏவ வேண்டாம் என்று அந்த இரவே பொறியாளர்கள் வாதாடியிருந்தார்கள். 2003-இல் கொலம்பியா புறப்படும்போது நுரைத்துண்டு ஒன்று இறக்கையில் மோதியது, வீடியோவில் அதைக் கண்ட பொறியாளர்கள், இறக்கையை விண்ணிலேயே படமெடுக்கக் கேட்டார்கள், அது நடக்கவில்லை. கல்பனா சாவ்லா இருந்த அந்தக் கலம் பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் சிதறியது.

இரண்டிலும் பழுது தெரிந்தே இருந்தது. அதைச் சொன்னவரின் குரல் மேலே போய்ச்சேரவில்லை. ஆகவே ககன்யானைப் பற்றி நான் முதலில் கேட்க விரும்புவது, கீழ்நிலைப் பொறியாளர் ஒருவர் "நிறுத்துங்கள்" என்றால் நிற்குமா என்பதே. 2023 அக்டோபர் 21 அன்று தப்பிப்பு அமைப்பின் சோதனையில், ஏவுவதற்கு 5 நொடி இருக்கையில் கணினி நிறுத்தியது. காரணத்தைச் சரிபார்த்து, அன்று காலையே மீண்டும் ஏவி வெற்றி பெற்றார்கள். நாடே பார்த்துக்கொண்டிருக்கும்போது நின்றது எனக்கு நம்பிக்கை தந்தது. திட்டம் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போவதைக் குறையாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தேதிக்காக அவசரப்படுவதைவிடத் தாமதமே மேல்.

10. "பூமி அழிஞ்சாச் செவ்வாய்க்குப் போயிரலாம்ல?"

போக முடியாது. செவ்வாயின் காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்கு 60 பாகை கீழே. மண்ணில் பெர்குளோரேட் என்ற நச்சு உப்பு. போகும் வழியிலேயே நாளொன்றுக்குச் சுமார் 1.8 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு என்று கியூரியாசிட்டி கலம் அளந்து சொல்லியிருக்கிறது. 1991-இல் அரிசோனாவில், பூமியிலேயே மூடிய கண்ணாடி வளாகம் ஒன்றில் எட்டுப் பேர் தங்கள் காற்றையும் உணவையும் தாங்களே விளைவித்து வாழ முயன்றபோது, ஆக்சிஜன் 21 விழுக்காட்டிலிருந்து 14க்கு இறங்கி, வெளியிலிருந்து செலுத்த வேண்டியதாயிற்று. எவ்வளவு கெட்டுப்போன பூமியும் செவ்வாயைவிட வாழத்தக்கதாகவே இருக்கும்.

விண்கல் மோதும் அச்சத்துக்கும் விடை வேறு. 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் ஆளில்லா டார்ட் கலம் டைமார்ஃபஸ் என்ற சிறுகோளில் மோதி, அதன் சுற்றுக்காலத்தை அரை மணி நேரத்துக்கும் மேல் குறைத்துக் காட்டியது. தப்பி ஓடும் இடமாகச் செவ்வாயைக் காட்டுவது, இங்கே செய்ய வேண்டியதை மறக்கச்செய்யும் பேச்சு என்பதால் எனக்கு அதில் கோபமே உண்டு.

11. "விக்ரம் சாராபாயே மனுசனை அனுப்பத் தேவையில்லைன்னு சொன்னாரே?"

சொன்னார். இந்திய விண்வெளித் திட்டத்துக்கு அடித்தளமிட்ட அவர், நிலவையும் கோள்களையும் ஆராய்வதிலோ, மனிதரை அனுப்புவதிலோ பணக்கார நாடுகளோடு போட்டியிடும் கனவு நமக்கில்லை, ஆனால் உயர்ந்த தொழில்நுட்பத்தை மக்களின் உண்மையான சிக்கல்களுக்குப் பயன்படுத்துவதில் நாம் எவருக்கும் பின்தங்கக் கூடாது என்ற பொருளில் 1960களில் பேசியிருக்கிறார். அன்று அதுவே சரி. சொந்த ராக்கெட்டில் சொந்தச் செயற்கைக்கோளை நாம் சுற்றுப்பாதையில் வைத்ததே 1980 ஜூலையில்தான். 1975-76இல் செயற்கைக்கோள் வழியாகச் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிக் கல்வி போய்ச்சேர்ந்தது அவர் காட்டிய வழியில் நடந்தது.

இன்று அந்த அடித்தளம் இருக்கிறது. அடுத்து என்ன என்பதே கேள்வி. மனிதரை அனுப்ப நான் சொல்லும் முதன்மைக் காரணம் இதுதான்: செயற்கைக்கோள் தொலைந்தால் இன்னொன்று செய்யலாம், மனிதரை இழந்தால் ஈடு கிடையாது. அந்தக் கட்டாயம் ராக்கெட்டின் ஒவ்வொரு வால்வையும் மென்பொருளின் ஒவ்வொரு வரியையும் வேறொரு கண்டிப்போடு சோதிக்க வைக்கிறது. பல நூறு தொழிற்கூடங்களுக்கு அந்தக் கண்டிப்பு பரவுகிறது. பிற நாட்டுக் கலத்தில் இருக்கை வாங்குவதால் இது கிடைக்காது. நாமே செய்தால்தான் கிடைக்கும். நிலவில் நிரந்தர இருப்புக்கு விதிகள் எழுதப்படும் நாளில், சொந்தத் திறன் உள்ள நாடுகளின் பேச்சே எடுபடும் என்பதும் உண்மை.

அதே வேளையில், சாராபாயின் அளவுகோலை நாம் தூக்கியெறிந்துவிட முடியாது. இந்தியாவின் சொந்த வழிகாட்டி அமைப்பான நாவிக்கில் பல செயற்கைக்கோள்களின் அணுக்கடிகாரங்கள் பழுதாகிவிட்டன. 2025 ஜனவரி 29 அன்று ஏவப்பட்ட என்.வி.எஸ்.-02, வால்வு திறக்காததால் உரிய சுற்றுப்பாதைக்கே போகவில்லை. கடலுக்குப் போகும் மீனவருக்குத் தேவைப்படுவது அதுதான். மனிதப் பயணத்தின் பரபரப்பில் இத்தகைய பணிகள் பின்தங்கினால், சாராபாயின் மறுப்பு இன்றும் செல்லும்.

12. "பணக்காரங்க தங்கள் காசுல போறாங்களே, அவங்க பாத்துக்கட்டுமே?"

பிரிட்டன் வானியலாளர் மார்ட்டின் ரீஸ் இதைத்தான் சொல்கிறார்: அரசுகள் இயந்திரங்களை அனுப்பட்டும், ஆபத்தை விரும்புவோர் தங்கள் செலவில் போகட்டும் என்று. மதிக்கத்தக்க வாதம். ஆனால் தனியார் பயணங்களும் பெருமளவு அரசுப் பணத்தில் வளர்ந்த தொழில்நுட்பத்தின் மேல்தான் நிற்கின்றன. மேலும் 11ஆம் பதிலில் சொன்ன பயன், நம் நாட்டுப் பொறியாளர்களுக்கு அதனால் வராது.

13. "என் மக விண்வெளிக்குப் போகணும்கிறா. அவளுக்கு வாய்ப்பு இருக்கா?"

இப்போதைய நிலையை மறைக்காமல் சொல்கிறேன். 2024 பிப்ரவரி 27 அன்று ககன்யானுக்காக அறிவிக்கப்பட்ட நால்வரும் (சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணனும் அவர்களில் ஒருவர்) விமானப்படையின் சோதனை விமானிகள், நால்வரும் ஆண்கள். சோதனை விமானிகளிலிருந்தே தேர்ந்தெடுப்பது முதல் பயணங்களுக்குப் பொருந்தலாம். அதையே நெடுநாள் வைத்துக்கொள்வது எனக்கு ஏற்புடையதில்லை. வாலெண்டினா தெரெஷ்கோவா 1963-இலேயே போய் வந்துவிட்டார். நிலையம் அமையும்போது பொறியாளர், மருத்துவர், உயிரியலாளர் தேவைப்படுவார்கள். உங்கள் மகள் அதற்கான வயதை எட்டும் காலம் ஏறத்தாழ அதுவே. இயற்பியலும் கணிதமும் உயிரியலும் எதுவாயினும் ஆழமாகப் படிக்கட்டும், நீந்தவும் கற்றுக்கொள்ளட்டும்.

ஊக்கம் தரவே மனிதரை அனுப்ப வேண்டும் என்ற வாதத்தை மட்டும் நான் ஏற்பதில்லை. பொள்ளாச்சிக்கு அருகே கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரையும், விழுப்புரத்தின் வீரமுத்துவேலும் ஆளில்லாக் கலங்களை நிலவுக்கு அனுப்பியவர்கள். அவர்களைப் பார்த்து எழுந்த பிள்ளைகள் இந்தப் பக்கத்துப் பள்ளிகளிலேயே நிறைய.

14. "சரி, எது நடந்தா நீங்க உங்க கருத்தை மாத்திக்குவீங்க?"

மூன்று சொல்வேன். ஆளில்லாச் சோதனைப் பயணங்கள் முழுமையாக வெற்றி பெறாமலே, அறிவித்த தேதிக்காக மனிதரை ஏற்றினால் என் ஆதரவை விலக்கிக்கொள்வேன். 11ஆம் பதிலில் சொன்னபடி வானிலை, வழிகாட்டி, கடல்சார் செயற்கைக்கோள்கள் தொடர்ந்து பின்தங்கினாலும் அப்படியே.

மூன்றாவது, வெளிப்படைத்தன்மை. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் தரையிறங்கி விழுந்தபோது, சுருக்கமான விளக்கம் நாடாளுமன்றத்தில் தரப்பட்டது. ஆய்வுக்குழுவின் முழு அறிக்கை பொதுவெளிக்கு வரவில்லை. சேலஞ்சருக்கும் கொலம்பியாவுக்கும் வந்த அறிக்கைகளை மதுரையில் உட்கார்ந்து எவரும் படிக்கலாம். 9ஆம் பதிலில் நான் எழுதியவை அப்படித் தெரியவந்தவைதான். இயந்திரம் விழுந்தபோது காட்டாத அறிக்கையை, மனிதர் ஏறும் கலத்திலும் காட்டாமல் இருக்க முடியாது. ககன்யானின் ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் எது சரியாக நடந்தது, எது நடக்கவில்லை என்ற முழு அறிக்கையை இஸ்ரோ வெளியிட வேண்டும்; அதைத் தமிழிலும் வெளியிட வேண்டும்.